ஒரு டப்பா வெட்டுக்காயப் பொடி

ஜூன் 2

அக்காவுக்கு,

எட்டு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் ஏதோ நடக்கக் கூடாதது நடந்துவிட்டது என்று பதறாதே. எல்லாரும் நன்றாக இருக்கிறோம். சமாதானம் பேசவும் இதை எழுதவில்லை. எனக்கு வேண்டியது ஒரு டப்பா பொடி, அவ்வளவுதான்.

வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று அலமாரியிலிருந்து ஒரு டப்பா வெட்டுக்காயப் பொடியை உன்னைக் கேட்காமல் எடுத்து வந்தேன். உனக்குத் தெரிந்திருக்கும். உன் கண்ணுக்குத் தப்பி அந்த அலமாரியில் ஒரு கிராம்பு நகராது. தையல் கூடத்தில் விரலில் ஊசி ஏறினால் எனக்கு, அச்சகத்தில் ஈய எழுத்துக் கிழித்தால் இவருக்கு என்று இத்தனை நாள் வந்தது. போன வாரம் அடியைச் சுரண்டிவிட்டேன்.

அதிகம் செலவாவது என் மகளுக்குத்தான். நீ பார்க்காத உன் மகள். ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. வாண்டு என்றுதான் கூப்பிடுகிறோம், பெயருக்கேற்ற ஆள்தான். விழாத இடமில்லை. மூக்கிலிருந்தும் அடிக்கடி ரத்தம் வருகிறது. பஞ்சில் பொடியைத் தொட்டு வைத்துப் பத்து நிமிஷம் மூக்கைப் பிடித்தால் நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் வந்தால் என்ன செய்வது என்று சட்டைப் பையில் ஒரு பொட்டலம் போட்டு அனுப்புகிறேன். அவளே வைத்துக்கொள்கிறாள். சமர்த்து.

இன்னொன்று. அவளுக்குத் தொண்டைச் சதை வளர்ந்திருக்கிறது. மாதம் இரண்டு தடவை காய்ச்சல், தூங்கினால் மூச்சுத் திணறல். எடுத்துவிடலாம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இந்த மாதக் கடைசிக்குள் தேதி கொடுப்பார்கள். அதற்கு முன்னால் பொடி வந்தால் நல்லது.

தபால் செலவுக்கு ஸ்டாம்பு வைத்திருக்கிறேன். உன்னிடம் எனக்கு எந்தக் கடனும் வேண்டாம்.

சின்னவள்

*

ஜூன் 6

சின்னவளே,

தபால்காரர் உன் கடிதத்தை நீட்டியபோது என் எதிரில் தகரக்கடைக்காரர் கட்டை விரலைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தகடு சீவிவிட்டது. உன் கையெழுத்தைப் பார்த்த பதற்றத்தில் அவர் விரலோடு பக்கத்து விரலையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். "ஏம்மா, எனக்கு வாத்துக் காலா பண்ணப் போறே?" என்று கேட்டார். பிரித்து மறுபடி கட்டினேன்.

டப்பா காணாமல் போனது எனக்கு அன்றைக்கே தெரியும். அந்த இடத்தில் இன்றுவரை வேறு டப்பா வைக்கவில்லை.

பொடி இந்த வாரம்தான் புதிதாக இடித்தேன். அப்பா செய்த அதே பக்குவம்தான். பூ விடுவதற்கு முன் பறித்த வெட்டுக்காயப் பூண்டு, நிழலில் உலர்த்தியது. இரும்புச் சட்டியில் பொரித்த படிகாரம், மாசிக்காய், கொஞ்சம் மஞ்சள். வெள்ளைத் துணியில் இரண்டு தடவை சலித்திருக்கிறேன். நாளைக்கு அனுப்புகிறேன்.

அனுப்புவதற்கு முன் சிலது கேட்க வேண்டும். கோபப்படாமல் பதில் சொல்.

வாண்டுக்கு ரத்தம் நின்ற பிறகு நாலு மணி நேரமோ ஆறு மணி நேரமோ கழித்து மறுபடி வருகிறதா? அடிபடாத இடத்தில் நீலம் பூக்கிறதா? பல் விளக்கும்போது? பால் பல் விழுந்திருக்கிறதா, விழுந்தபோது எப்படி இருந்தது? உனக்கு அவள் பிறந்தபோது எப்படி இருந்தது? அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்க எனக்கு வாயும் இல்லாமல் போய்விட்டது.

அந்த ஆபரேஷனை இப்போதைக்குத் தள்ளிப்போடேன். குழந்தை வளர வளரச் சதை தானாகச் சுருங்கும் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். என்ன அவசரம்?

எனக்கு வேறு ஒரு குறையும் இல்லை. என் கடைவாய்ப் பல் இன்னும் என்னோடுதான் குடித்தனம் நடத்துகிறது. வாரம் ஒரு தடவை கன்னம் பன்னாக வீங்கும். "பிடுங்கிப் போட்டுட்டு நிம்மதியா இரேன்" என்று தெருவே சொல்கிறது. கிராம்புத் தைலத்தை வைத்துக்கொண்டு நான் தெருவுக்குக் காது கொடுப்பதில்லை.

ஸ்டாம்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அக்கா

*

ஜூன் 10

அக்கா,

பார்சல் வந்தது. கடிதமும் வந்தது. படித்ததும் எட்டு வருஷம் பின்னால் போய் நின்றேன்.

அன்றைக்கும் இதே வார்த்தைதான். "வேண்டாம்." நல்ல மனிதர், வேலை இருக்கிறது, நானும் அவரும் ஆசைப்பட்டோம். எல்லாரும் சரி என்றார்கள். நீ மட்டும் "இந்தக் கல்யாணம் வேண்டாம்டி" என்றாய். ஏன் என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்தாய். உன்னைக் கேட்டு வந்த இரண்டு இடத்தையும் நீயே தட்டிக் கழித்துவிட்டு, எனக்கு ஒன்று அமைந்ததும் உனக்குப் பொறுக்கவில்லை என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வேறு எதை நான் நினைப்பது? காரணம் சொல்லாமல் ஒருத்தி "வேண்டாம்" என்றால் கேட்பவள் தானாக ஒரு காரணத்தை வைத்துக்கொள்வாள்.

இப்போது என் மகளுக்கும் "வேண்டாம்". அவள் தூங்கும்போது வந்து பார். மூச்சு நின்று, நெஞ்சு உள்ளே குழிந்து, திடீரென்று இழுத்து விடுவாள். அந்த நடுவில் இருக்கிற நேரத்தில் நான் எத்தனை சாமியைக் கூப்பிடுகிறேன் என்று எனக்குத்தான் தெரியும். தானாகச் சுருங்கும் என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய்.

கேட்டதற்குப் பதில். ஆமாம், சில நேரம் மறுபடி வரும், திரும்பப் பொடி வைப்பேன். முன்பல் விழுந்தபோது இரண்டு நாள் கசிந்தது. முழங்காலில் எப்போதும் நீலம் உண்டு, ஓடுகிற குழந்தைக்கு இல்லாமல் இருக்குமா? அவள் பிறந்தபோது எனக்கு நிறையப் போனது. இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். சிலருக்கு அப்படி ஆகும் என்றார்கள். போதுமா?

ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டார்கள். விரல் நுனியில் குத்தி எவ்வளவு நேரத்தில் ரத்தம் நிற்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார்களாம். அதிலும் இவள் ஒரு வேலை செய்தாள். குத்திவிட்டு அந்த ஆள் யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பதில் சொல்கிற நேரத்தில், சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து ஒரு சிட்டிகை வைத்து அமுக்கிக்கொண்டாள். அவர் திரும்பிப் பார்த்து ஒற்றியெடுத்தால் ரத்தம் இல்லை. இரண்டு நிமிஷம் என்று எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். "பெரியம்மா பொடி அவங்க மருந்தைவிட வேகம்மா." உன்னை அவளுக்குப் பெரியம்மா என்று சொல்லித்தான் வைத்திருக்கிறேன்.

குடும்பத்தில் யாராவது ரத்தம் நிற்காமல் இறந்திருக்கிறார்களா என்று ஒரு தாளில் கேட்டிருந்தது. இல்லை என்று எழுதினேன். சின்ன வயசில் யாராவது போனதுண்டா என்று டாக்டர் வாயால் கேட்டார். நமக்கு இடையில் பிறந்த நடுவுள்ளவளைச் சொன்னேன், காய்ச்சல் என்றேன். "என்ன காய்ச்சல்?" என்றார். எனக்கு அப்போது நாலு வயசு, என்ன தெரியும்? அது என்ன காய்ச்சல் அக்கா? எழுது.

ஆபரேஷன் 24-ஆம் தேதி.

சின்னவள்

*

ஜூன் 14

சின்னவளே,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டு மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். பல் வலி. அதனால் எழுத்துக் கோணலாக இருக்கும்.

நடுவுள்ளவளுக்கு வந்தது காய்ச்சல்தான். அந்த வருஷம் தெருவில் நிறையப் பேருக்கு வந்தது. பெயர் எல்லாம் யார் கேட்டார்கள்.

இருந்தாலும் 24 கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது. நான் 21-ஆம் தேதி ரயில் ஏறலாம் என்று பார்க்கிறேன். வந்து வாண்டை ஒரு தடவை பார்க்கிறேன். உனக்கு என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். நேரில் ஒரு பேச்சு இருக்கிறது. அதுவரை எதையும் செய்ய விடாதே. அப்படியே செய்தாலும் பொடி தொண்டைக்கு ஆகாது, அதை அங்கே கொண்டுபோகாதே. அவள் பையிலிருந்தும் எடுத்துவிடு.

இன்றைக்குக் கண்ணாடி அறுக்கிற பட்டறையிலிருந்து ஒருவர் வந்தார். உள்ளங்கையில் சின்னக் கீறல்தான், உடனே நின்றுவிட்டது. அவரை ஒரு மணி நேரம் போகவிடாமல் உட்கார வைத்தேன். "நின்னுருச்சேம்மா, அப்புறம் என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு நின்றதில் எப்போதும் நம்பிக்கை வருவதில்லை.

அக்கா

*

ஜூன் 18

அக்கா,

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. காய்ச்சல் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு உயிர் வந்தது. நீ கேட்ட கேள்விகளை வைத்து நான் என்னென்னவோ கற்பனை செய்து வைத்திருந்தேன். தையல் கூடத்தில் ஒரு கை இல்லாத சட்டையைத் தைத்து மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது நிம்மதி.

நீ வருவதாகச் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. வாசலில் எல்லாம் நிற்க வேண்டாம், உள்ளே வா.

ஆனால் தேதி மாறிவிட்டது. 22-ஆம் தேதிக்கு இருந்த ஒரு குழந்தைக்குச் சளி பிடித்து அந்த இடம் காலியாக இருக்கிறதாம். "கூட்டிட்டு வந்துடுங்க, விட்டா ரெண்டு மாசம் ஆகும்" என்றார்கள். இவர் சரியென்றார், நானும் சரியென்றேன். காலை ஒன்பது மணிக்கு. 21-ஆம் தேதியே சேர்த்துவிடுகிறோம். இந்தக் கடிதம் நீ ரயில் ஏறுவதற்குள் கிடைத்தால், வீட்டுக்குப் போகாதே, நேரே இங்கே வா. பெரிய ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு, ஏழாம் நம்பர் கட்டில்.

பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன். அழுதாள். "பெரியம்மா வந்து புதுசா தருவா" என்றேன்.

சின்னவள்

*

தந்தி
ஜூன் 22

ஏழாம் கட்டில் குழந்தையின் தாய்க்கு. ஆபரேஷன் நிறுத்து. முடிந்திருந்தால் தொண்டை பார். விழுங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே ரத்தம். வெளியே வராது. நடுவுள்ளவள் போனது அப்படி. காய்ச்சல் பொய். அக்கா.

*

ஜூன் 22, பகல்

சின்னவளே,

தந்தி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், எப்படி முடிந்திருக்கும் என்று தெரியாது. ஆனால் எழுதாமல் என்னால் இங்கே உட்கார முடியவில்லை.

நேற்று ரயில் ஏறவில்லை. ஸ்டேஷன் வரை போனேன். கன்னம் வீங்கியிருந்தது, அதைச் சாக்காக வைத்துத் திரும்பிவிட்டேன். இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே, நாளைக்கு ஏறலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இன்று காலை பத்து மணிக்கு உன் கடிதம் வந்தது. பிரித்து "22" என்று படித்தேன். பட்டறைக்காரர்கள் மூன்று பேர் கட்டுப் போட உட்கார்ந்திருந்தார்கள். அப்படியே விட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஓடிவந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனில் பேச ட்ரங்க் கால் கிடைக்கச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். அதனால் தந்தி.

தந்தி எழுதுகிறவர் நம் தெருக்காரர். போன மாதம்தான் அவருக்குக் குதிகாலில் கட்டுப் போட்டேன். நான் எழுதிக்கொடுத்ததை விரல் வைத்துப் படித்தார். "காய்ச்சல் பொய்" என்ற இடத்தில் விரல் நின்றது.

"என்னம்மா இது? உங்க நடுத் தங்கச்சிக்குக் காய்ச்சல்னுதானே உங்க அப்பா சொன்னாரு?"

"சொன்னாரு. நானும் சொன்னேன். அனுப்புங்க."

"தெருவுக்குத் தெரிஞ்சா உங்க பொடிய யாரும்..."

"அனுப்புங்க சார், தயவுசெஞ்சு!" என்று கத்திவிட்டேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

இப்போது கேள். இருபத்தெட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

அவளுக்கு எட்டு வயசு, எனக்குப் பதினாலு. கடைவாயில் ஒரு பல் ஆடியது. அப்பாதான் பிடுங்கினார், தெருவில் எத்தனை பேருக்குப் பிடுங்கியிருக்கிறார். குழியில் பொடியைத் திணித்துப் பஞ்சை வைத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னார். அப்பாவின் சட்டம் உனக்கு நினைவிருக்காது. "துப்பக் கூடாது. துப்பினா மருந்து கலைஞ்சிடும். வாயத் திறக்கக் கூடாது." ரத்தம் நின்றுவிட்டது. அப்பா கை கழுவிவிட்டுப் போய்விட்டார். என்னைக் காவலுக்கு வைத்தார்கள்.

அன்றைக்கும் மறுநாள் பகல் வரைக்கும் வெளியே ஒரு சொட்டு வரவில்லை. நீ மேஜைக்கு அடியில் நூல்கண்டை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாய். நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். கழுத்தில் ஏதோ அசைந்துகொண்டே இருந்தது. விழுங்கினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி விழுங்கினாள். "என்னடி, மிட்டாய் ஒளிச்சு வச்சிருக்கியா?" என்று கேட்டேன். தலையாட்டினாள், இல்லை என்று. சொல்லைத் தட்டாத பெண் அவள். அப்புறம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மருந்து கலைந்துவிடுமே என்று நான் என் கையால் பொத்தினேன். இந்தக் கைதான். இப்போது எழுதுகிற கை.

என்ன சொல்ல வந்தாள் என்று தெரியாது. அப்புறம் கொட்டாவி விட்டாள், உடம்பு சில்லென்று ஆனது. தூக்கம் வருகிறது என்று நினைத்தேன். பிறகு வாந்தி. கறுப்பாக வந்தது. அம்மா மாடியிலிருந்து இலைக் கூடையோடு இறங்கி வருவதற்குள் அவள் கண் ஒரு பக்கமாகப் போய்விட்டது.

அம்மாவுக்கு உடனே புரிந்தது. அவள் சித்தி ஒருத்தி பிரசவத்தில் இப்படித்தான் போனாளாம். அம்மாவுக்கும் ஈறில் எப்போதும் கசியும். "இன்னும் ரெண்டு பொண்ணு மிச்சமிருக்கு. ரத்தத்துல கோளாறுன்னு தெரிஞ்சா யார் வந்து கேப்பாங்க?" என்றாள். அப்பா பொடி டப்பாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தன் பெண்ணையே காப்பாற்றாத பொடியை யார் வாங்குவார்கள்? அதனால் காய்ச்சல். என்னிடம் சத்தியம் வாங்கினார்கள்.

எனக்கு வந்த இடங்களை ஏன் தட்டினேன் என்று இப்போது தெரிகிறதா? உனக்கு "வேண்டாம்" என்றது பொறாமையில் இல்லை. நீ பிரசவத்தில் போய்விடுவாய் என்ற பயத்தில். சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டும், உன்னையும் காப்பாற்ற வேண்டும் என்று இரண்டையும் பிடித்துக்கொண்டு இரண்டையும் கெடுத்தேன்.

14-ஆம் தேதி எழுதினேனே, அதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது. இரண்டு தடவை கிழித்தது உண்மையை எழுதிய தாளைத்தான். மூன்றாவதில் பொய் எழுதினேன். தெருவில் முகம் காட்ட வேண்டுமே, நீ என்னைக் கொலைகாரியாகப் பார்ப்பாயே என்று பயந்தேன். அந்த நேரத்தில் வாண்டைவிட என் மானம் எனக்குப் பெரிதாகத் தெரிந்துவிட்டது.

மணி ஒன்று ஆகிவிட்டது. தந்தி போய்ச் சேர்ந்ததா என்று இவரிடம் நாலு தடவை கேட்டுவிட்டேன். யாராவது ஏதாவது சொல்லும் வரை இந்த பெஞ்சிலிருந்து எழுந்திருக்கப் போவதில்லை.

அக்கா

*

ஜூன் 27

அக்கா,

இருக்கிறாள். இருபத்துமூன்றாம் தேதி இவர் அடித்த தந்தியில் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது என்று தெரியும். மீதியை இப்போது எழுதுகிறேன். ஏழாம் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், அவள் நிஜமாகவே தூங்குகிறாள்.

ஒன்பது மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள், பத்தரைக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். "ரத்தமே இல்லாம முடிஞ்சுது, நல்ல பொண்ணு" என்றார் நர்ஸ். தலையணை உறை வெள்ளையாக இருந்தது. நானும் இவரும் மாறி மாறி அந்த வெள்ளையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டே முக்காலுக்குத் தந்தி வந்தது. நின்றபடியே படித்தேன். முதலில் வந்தது கோபம்தான். மறுபடி வேண்டாம் என்கிறாளே, இன்றைக்குமா என்று. அப்புறம் குனிந்து கழுத்தைப் பார்த்தேன்.

விழுங்கினாள். கண் மூடியிருந்தது, வாய் மூடியிருந்தது, கையில் டம்ளர் இல்லாமலே தண்ணீர் குடிக்கிறவள் மாதிரி விழுங்கினாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். மறுபடி. மறுபடி.

நர்ஸைக் கூப்பிட்டேன். "தாகமா இருக்கும்மா, எல்லாக் குழந்தையும் அப்படித்தான்" என்றார். "வாயத் திறந்து பாருங்க" என்றேன். "தூங்கட்டும்மா, எழுப்பாதீங்க." எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியவில்லை, வார்டே எழுந்துவிட்டது. இவர் வெட்கத்தில் என் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு, அந்த நர்ஸம்மாவின் பையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கி நானே வாண்டின் தாடையைப் பிடித்துத் திறந்தேன். உள்ளே முழுக்கச் சிவப்பு. தொண்டையின் பின்பக்கம் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த நர்ஸ் ஓடிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன்.

திரும்ப உள்ளே கொண்டுபோனார்கள். இவருடைய அச்சகத்திலிருந்து ஆறு பேர் வந்து ரத்தம் கொடுத்தார்கள், மை படிந்த கையோடு. சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து என்னிடம் தந்தியைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

"யார் அனுப்பினது?"

"எங்க அக்கா."

"டாக்டரா?"

"பொடி விக்கிறவங்க."

அப்போதுதான் விரலில் குத்தியபோது வாண்டு பொடி வைத்துக்கொண்டதைச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் தலையில் கை வைத்துக்கொண்டார். திட்டவில்லை. சின்னக் காயத்தை அந்தப் பொடி மூடத்தான் செய்யும் என்றார். ஆனால் இது காயத்தில் இருக்கிற கோளாறு இல்லை, ரத்தத்தில் இருக்கிற கோளாறு. உறைய வைக்கிற சத்து பிறவியிலேயே குறைவு. நாம் ஒவ்வொரு தடவையும் வெளியே மூடி மூடி, உள்ளே இருப்பதைப் பார்க்க விடாமல் செய்துவிட்டோம். எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கும் அதுதான்.

இனி எங்கே போனாலும் அவள் கழுத்தில் இந்தக் கோளாறை எழுதிய ஒரு அட்டை தொங்கும். பொட்டலம் இருந்த பையில் அதைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாள்.

உன் 22-ஆம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று ராப்பகலாக யோசித்தேன். எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது அக்கா. சின்னக் கோபம் இல்லை. "காய்ச்சல்தான்" என்று நீ எழுதிய கடிதத்தைக் கிழிக்கவில்லை, வைத்திருக்கிறேன். அந்த ஒரு வரியை நம்பித்தான் அவளைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். தந்தியையும் அதோடு சேர்த்தே மடித்து வைத்திருக்கிறேன். இரண்டில் எதை எடுத்தாலும் மற்றதும் கூடவே வரும். அப்படியே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மேஜைக்கு அடியிலிருந்து நான் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. நூல்கண்டு இல்லை, உன் கை. அவள் வாய் மேல் இருந்த உன் கை. அது விளையாட்டா, சண்டையா என்று தெரியாமல் உன் கையைப் பார்த்தாலே எனக்குச் சின்ன வயசில் பயமாக இருக்கும். ஏன் என்று நேற்றுத்தான் தெரிந்தது. பதினாலு வயசுப் பெண்ணை அப்படி ஒரு காவலுக்கு வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தவர்களிடம் கேட்க வேண்டியதை உன்னிடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

டாக்டர் உன்னையும் கேட்டார். அக்காவுக்கும் இருக்கலாம், பார்க்காமல் எதையும் செய்ய வேண்டாம் என்றார். நான் உன் கடைவாய்ப் பல்லைச் சொன்னேன். எத்தனை வருஷமாக என்று கேட்டார். பதினொன்று என்றேன். கிராம்பை வைத்துக்கொண்டு பதினொரு வருஷம் நீ எதற்குப் பயந்தாய் என்று அவருக்குப் புரிந்தது. எனக்கும்தான்.

அங்கே யாரையும் அந்தப் பல்லைத் தொட விடாதே. ரயில் ஏறு. ஸ்டேஷன் வரை போய்த் திரும்பாதே. இங்கே முதலில் ரத்தத்துக்கு வேண்டியதை ஏற்றிவிட்டுத்தான் பல்லில் கை வைப்பார்களாம். பிடுங்கிய பிறகு நான் உன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது எனக்கு அந்த வேலை தெரியும்.

துப்ப வேண்டும் போலிருந்தால் துப்பு. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தால் சொல். யாரும் உன் வாயைப் பொத்த மாட்டார்கள்.

சின்னவள்